தேக்காவில் மகன் தரையில் விழுந்து கதறினால் என்ன செய்வது?

ஆட்டிசம் உள்ள உங்கள் ஆறு வயது மகன் சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் (மீன், கறி விற்கும் சந்தை) கதறியதையும், சுற்றி நின்றவர்கள் "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றதையும் எழுதியிருந்தீர்கள். அது அடம் இல்லை. அடம்பிடிக்கும் பிள்ளை நம்மை ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்ததும் அடங்கிவிடும். இங்கே மீன் வாடை, கறி வெட்டும் சத்தம், இடிக்கும் கூட்டம் எல்லாம் சேர்ந்து மூளையால் தாங்க முடியாமல் போகிறது. அப்போது நியாயம் பேசினால் அதுவும் இன்னொரு சத்தம்தான்.

ஆகவே பேச்சைக் குறையுங்கள். "அம்மா இங்கதான் இருக்கேன்" போதும். தலை அடிபடாமல் பையை அடியில் வையுங்கள், முடிந்தால் சத்தமில்லாத ஓரத்துக்குப் போங்கள். சில பிள்ளைகளுக்கு இறுக்கி அணைத்தால் இதம். சிலருக்குத் தொட்டாலே ஆகாது. உங்கள் மகன் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். புத்திமதி சொல்லும் ஆன்ட்டிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்!

உண்மையான வேலை கதறலுக்கு முன்னால் இருக்கிறது. அறிகுறிகள் முதலிலேயே தெரியும்: காதைப் பொத்துவான், கேட்டதையே திரும்பக் கேட்பான், நடை வேகமாகும். அப்போதே கிளம்பிவிடுங்கள், இறால் போனால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் வார நாளில் போங்கள்; சத்தம் தடுக்கும் ஹெட்போன் கையில் இருக்கட்டும்; எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைப் படமாகக் காட்டிவிடுங்கள்.

அடங்கியபின் தண்ணீர், ஓய்வு. விசாரணை வேண்டாம்.

இந்தக் கதறல் திடீரென்று அடிக்கடி வந்தால் பல்வலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு இருக்கிறதா என்று பாருங்கள். அவனுக்கு இன்னும் சிகிச்சையாளர் இல்லையென்றால், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொல்லி கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் சிறார் வளர்ச்சிப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.