பிரஷர் நோயாளிகளின் பண்பாட்டைப் புரிந்து நடக்க கிளினிக் ஊழியர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது?

ஒவ்வொரு சமூகத்தின் பழக்கவழக்கங்களையும் பட்டியல் போட்டு ஒரு நாள் வகுப்பு எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, அந்தப் பட்டியல் கெடுதலும் செய்யும். நானும் முதலில் அப்படித்தான் வகுப்பு எடுத்தேன். அடுத்த வாரமே ஒரு நர்ஸ் எதிரில் இருந்த பெரியவரிடம் ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல், "உங்க ஆட்கள் உப்பு ஜாஸ்தி சேர்ப்பீங்களே" என்று ஆரம்பித்தார். அந்த மனிதர் உப்பைக் குறைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்புறம் அவர் எங்களிடம் வாயே திறக்கவில்லை.

அதனால் இப்போது கேட்கத்தான் பழக்குகிறேன். இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதில் உங்களுக்கு எது அதிக பயம்? அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1978இல் முன்வைத்த கேள்விகள் இவை, இன்றும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. மன அழுத்தம், ரத்த அழுத்தம் என்று பெயரிலேயே இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால், கோபமோ தலைவலியோ வந்த அன்று மட்டும் மாத்திரை போட்டுக்கொள்பவர்கள் நிறைய. பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது என்பதை அவர்களுக்கு அந்த இடத்திலிருந்துதான் விளக்க வேண்டும். இன்னொருவர் எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை தந்த வறட்டு இருமலால் அதை நிறுத்தியிருப்பார், வேறொருவர் விரத நாளில் எப்போது போடுவது என்று யாரிடமும் கேட்கத் தயங்கி விட்டிருப்பார். இரண்டுக்கும் மருத்துவரிடம் வழி இருக்கிறது, ஆனால் விஷயம் வெளியே வர வேண்டுமே.

வகுப்பில் பாதி நேரம் ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். ஒருவர் நோயாளியாக உட்கார, மற்றவர் விளக்கிவிட்டு, "நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்கணும், இதை வீட்டில் எப்படிச் சொல்வீங்க?" என்று முடிக்க வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். மொழி தெரியாதவருக்கு அவர் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது, அப்பா பிள்ளை முன்னால் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்.

பிரஷர் பார்ப்பதும் இதில் சேர்ந்ததுதான். வெறும் கையில் பட்டையைச் சுற்ற வேண்டும், ஆனால் பலர் நடுவே கையைத் திறக்கக் கூசுபவருக்கு ஒரு திரையாவது வேண்டாமா? ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்து, பேசாமல் உட்கார வைத்து அளந்தால்தான் ரீடிங்கை நம்பலாம்.

வரவேற்பில் இருப்பவரையும் பயிற்சியில் சேருங்கள், நோயாளி முதலில் பேசுவது அவரிடம்தான். ஆறு மாதம் கழித்து, சொன்ன தேதியில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எத்தனை பேருக்கு 140/90க்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வகுப்பு முடிந்ததும் ஊழியர்கள் நிரப்பித் தரும் படிவத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.