ஒரு பக்கம் மட்டும் வந்த 'ப்ரெஸ்': இது ஸ்ட்ரோக்தானா?

கேள்வி: மாமனாருக்கு பிபி எகிறி வலிப்பு வந்தது. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'ஒரு பக்க ப்ரெஸ்' என்று இருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஸ்ட்ரோக் என்கிறார்கள். எது சரி?

நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட். படம் எடுப்பதுதான் என் வேலை. அந்த அளவில் சொல்கிறேன்.

ப்ரெஸ் என்பது மூளையில் நீர் கோத்து வருகிற வீக்கம். பிபி திடீரென ஏறும்போது ரத்தக்குழாய் தாக்குப்பிடிக்க முடியாமல் நீரைக் கசிய விடுகிறது. எக்லாம்ப்சியா (கர்ப்ப காலத்தில் பிபி ஏறி வலிப்பு வருவது), கிட்னி கோளாறு, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), உறுப்பு மாற்றியவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், சில கீமோ மருந்துகள் இவற்றாலும் வரும். சிலருக்கு பிபி நார்மலாக இருந்தும் வருவதுண்டு. 1996இல் ஹிஞ்சியும் சக மருத்துவர்களும் 15 நோயாளிகளை வைத்து இதை விவரித்த பிறகுதான் தனி நோயாகப் பேசப்பட்டது.

பெரும்பாலும் பார்வையைக் கவனிக்கும் பின்மண்டைப் பகுதியில், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும். அதனால்தான் தலைவலி, வலிப்போடு பார்வையும் மங்குகிறது. இரண்டு பக்கமும் இருந்தால் பார்த்ததுமே ப்ரெஸ் என்று சந்தேகம் வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் என்றால் யாருக்கும் முதலில் ஸ்ட்ரோக் நினைப்புதான் வரும், இல்லாவிட்டால் கட்டி. உங்கள் சொந்தக்காரர்களைக் குறை சொல்ல முடியாது.

பிரித்துக் காட்டுவது டிஃப்யூஷன் படம், அதாவது எம்ஆர்ஐயிலேயே திசுவில் நீர் எப்படி நகர்கிறது என்று காட்டும் படம். நாங்கள் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். புது ஸ்ட்ரோக் என்றால் டிஃப்யூஷனில் பளிச்சென்று வெள்ளையாகவும், அதன் ஜோடியான ஏடிசி படத்தில் அதே இடம் கறுப்பாகவும் தெரியும். செல்லே அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். ப்ரெஸ்ஸில் பொதுவாக ஏடிசியிலும் அந்த இடம் வெள்ளையாகவே இருக்கும், ஏனென்றால் நீர் செல்லுக்கு வெளியே நிற்கிறது. வீக்கம் ஒரே ரத்தக்குழாயின் எல்லைக்குள் அடங்காமல் பரவியிருப்பதும் இன்னொரு துப்பு.

சரி, பெயர் எதுவானால் என்ன என்று விட முடியாது. அடைப்பால் வந்த ஸ்ட்ரோக்கில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடாத பட்சத்தில், முதல் நாளில் பிபி 220/120 வரை இருந்தாலும் பல சமயம் அதை அவசரமாகக் குறைக்க மாட்டார்கள். ப்ரெஸ்ஸில் குறைத்தாக வேண்டும், அதுவும் சடாரென்று இல்லாமல், முதல் சில மணி நேரத்தில் சுமார் கால்பங்கு. ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் ஆபத்து. ஐசியூவில் மணிக்கொரு தரம் பிபி பார்ப்பதைக் கண்டு பயப்படாதீர்கள், அந்தக் கணக்குதான்.

நாட்களிலோ வாரங்களிலோ பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன்; ரத்தக்கசிவு ஏற்பட்டால் பாதிப்பு நிலைத்துவிடலாம். நியூராலஜிஸ்டிடம் மறு எம்ஆர்ஐ எப்போது என்று கேளுங்கள். வீக்கம் வற்றியிருந்தால் ப்ரெஸ் என்பது அப்போது உறுதியாகும். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டு போங்கள், நாட்டு மருந்து உட்பட. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.