அத்தி இலையில் கொப்புளம்: மருந்து வேண்டாம், இடத்தைப் பாருங்கள்

வணக்கம். 3 வயது நாட்டு அத்தி, இலையெல்லாம் கொப்புளம், சுவரிலிருந்து 8 அடி தூரம், மருந்தடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே சின்ன அறை, அதில் ஒரு குட்டிப் பூச்சி இருக்கும். சாறு உறிஞ்சும் பூச்சியின் குஞ்சு அது. அது உள்ளே வளர்வதால்தான் இலை வீங்குகிறது. பார்க்க நன்றாயிராது, ஆனால் மரம் தாங்கிக்கொள்ளும். ரொம்ப வீங்கிய இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தினால் போதும். மருந்தடித்தால் அத்திக்கென்றே உள்ள குளவியும் சாகும். அத்திப் பூ காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கடுகளவுள்ள அந்தக் குளவி நுனித் துளை வழியே நுழைந்தால்தான் மகரந்தச் சேர்க்கையே நடக்கும்.

எனக்குக் கவலை அந்த 8 அடிதான். அத்தி வேர் ஈரத்தைத் தேடி ஓடும். குழாய், செப்டிக் டேங்க் எதையும் விடாது. 30 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். இந்த மரத்தைத் தோண்டி நகர்த்துவதைவிட, கட்டைவிரல் பருமனில் முழ நீளத்துக்கு அதிலிருந்தே நாலைந்து போத்து (நடுவதற்கான கிளைத் துண்டு) வெட்டுங்கள். வடியும் பால் காய்ந்ததும், மழைக்காலத் தொடக்கத்தில் பாதி நீளம் மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். எல்லாமே பிடிக்காது, ஒன்று பிடித்தால் போதும். அது நன்றாகத் துளிர்த்த அப்புறம் பழையதை வேரோடு எடுங்கள். அடிக்கட்டையை விட்டால் மறுபடி தழைத்துவிடும்.