நரி பேசாத நாலு நிமிடம்: வாசகர் கேள்வியும் என் பதிலும்

போன இதழில் 'ரேடியோ நரி வேட்டை' என்று ஒரு வரி எழுதினேன். வன உயிரினச் சட்டம் தெரியுமா என்று ஒருவர் அரைப் பக்கத்துக்குத் திட்டியிருக்கிறார். ஐயா, இதில் நரியே கிடையாது. காட்டில் ஐந்து சின்ன டிரான்ஸ்மிட்டர்களை ஒளித்து வைப்பார்கள், அவற்றைத்தான் நரி என்கிறோம். ரிசீவர், வரைபடம், திசைகாட்டி இந்த மூன்றோடு ஓடிக் கண்டுபிடிக்க வேண்டும். உலகப் போட்டி 1980இல் போலந்தில் தொடங்கியது. இனி, வந்த கடிதங்கள்.

எங்கள் கல்லூரி அணி மூன்று மாதத்தில் போட்டிக்குப் போகிறது. அணியில் நான்தான் மெதுவாக ஓடுவேன். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடுமா? (இன்ஜினியரிங் மாணவி, பாலக்கோடு)

ஓடு பாப்பா, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆட்களில் தோற்றவர்கள் பாதிப்பேர் நன்றாக ஓடுகிறவர்கள்தான். தப்பான பக்கம் ரொம்ப வேகமாக ஓடினார்கள்.

ஐந்து நரியும் ஒரே அலைவரிசையில் பேசும், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக, ஆளுக்கு ஒரு நிமிடம். பழைய தந்திக் குறியான மோர்ஸில் 'டா டா, டா டா டா' என்பது எல்லாவற்றுக்கும் பொது. அதன் வாலில் ஒரு 'டிட்' (குட்டி ஒலி, அதுதான் புள்ளி) வந்தால் முதல் நரி, இரண்டு வந்தால் இரண்டாவது, ஐந்து வரை அப்படியே. புள்ளியை எண்ணத் தெரிந்தால் போதும், முழு மோர்ஸும் படிக்க வேண்டியதில்லை. உனக்கு வேண்டிய நரி ஒரு நிமிடம் பேசிவிட்டு நாலு நிமிடம் வாயை மூடிக்கொள்ளும். அந்த நாலு நிமிடத்தில் நீ என்ன செய்கிறாய் என்பதுதான் போட்டி.

ஓடுகிறவன் அதற்குள் 600 மீட்டருக்கு மேல் போய்விடுவான். நரிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய குறைந்தபட்ச தூரமே 400 மீட்டர்தான். ஆக, தப்பான கோட்டில் ஓடினால் இன்னொரு நரியின் மடியில் போய் நிற்பான். கோடு ஐந்து பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டரில் 87 மீட்டர் விலகும். புதர்க்காட்டில் 87 மீட்டர் என்பது அடுத்த ஊர் மாதிரி.

நான் கொடுக்கும் பயிற்சி இதுதான். நரி பேசும்போது நில். திசையைப் பிடி, வரைபடத்தில் பென்சிலால் கோடு போடு. அப்புறம் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்: "அடுத்த முறை இது எனக்கு இடது கைப் பக்கம் கேட்கும், இப்போதைவிடக் கூடுதலாகக் கேட்கும்." சொன்னபடி கேட்டால் கோடு சரி. மாறிக் கேட்டால் எங்கே தப்பினாய் என்று அப்போதே தெரிந்துவிடும். நரியின் முறை வருவதற்குப் பத்து நொடி முன்பே வெட்டவெளியில் நின்று மூச்சை அடக்கியிருக்க வேண்டும். நரி பேச ஆரம்பிக்கும்போது உண்ணிச்செடிக்குள் ஆன்டெனாவைச் சிக்கவைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

காலடி எண்ணவும் பழகு. 100 மீட்டருக்கு எனக்குத் தார் ரோட்டில் 62 இரட்டையடி (இரண்டு எட்டுக்கு ஒன்று), அறுத்த கடலைக்காட்டில் 75. உன் கணக்கு வேறாக இருக்கும். போட்டி வரைபடம் 1:10,000 அல்லது 1:15,000 அளவில் இருக்கும், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 100 அல்லது 150 மீட்டர். இதை யோசித்துச் சொல்லும் நிலையில் போகாதே, தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

ரிசீவர் வாங்கக் காசில்லை. அது இல்லாமல் பழக முடியுமா? (பிளஸ் டூ மாணவன், பென்னாகரம்)

தாத்தாவின் டிரான்சிஸ்டர் பரணில் கிடக்கிறதா தம்பி? நான் பழகியது அதில்தான். உள்ளே கறுப்பாக ஒரு ஃபெரைட் தண்டு படுத்திருக்கும், அதுதான் அதன் ஆன்டெனா. மீடியம் வேவில் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு பெட்டியை மெல்லச் சுழற்று. சத்தம் அதிகமாகும் இடம் அகலமானது, அதை வைத்துத் திசை சொல்ல முடியாது. சத்தம் சட்டென்று அடங்கும் இடம் குறுகலானது. அங்கே தண்டின் முனை நிலையத்தைக் காட்டும்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் தர்மபுரி வீட்டு மாடியில் பெங்களூரு 612 கிலோஹெர்ட்ஸை வைத்து அடங்கும் கோட்டைச் சுண்ணாம்பால் போட்டேன். பிறகு திருச்சி 936ஐ வைத்தேன். கிட்டத்தட்ட அதே கோடு! ஒன்று வடமேற்கில் இருக்கிறது, இன்னொன்று தென்கிழக்கில். தண்டு கோட்டைத்தான் காட்டும், முன்னாலா பின்னாலா என்று சொல்லாது. அதற்காகத்தான் 80 மீட்டர் ரிசீவரில் (80 மீட்டர், 2 மீட்டர் என்பவை போட்டி நரிகளின் அலைநீளம்) கூடவே ஒரு சின்னக் குச்சி ஆன்டெனா வைக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம் பெரிதாகவும் எதிர்ப்பக்கம் சன்னமாகவும் கேட்கும். முதலில் குச்சியால் பக்கத்தை முடிவு செய், அப்புறம் தண்டால் கோட்டைப் பிடி.

2 மீட்டர் அலைவரிசைக்கு ஹார்டுவேர் கடை இரும்பு அளவு டேப்பை வெட்டி பிவிசி பைப்பில் கட்டினால் மூன்று கை யாகி ஆன்டெனா (ஒரு பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்பது) தயார். புதரில் மாட்டினால் வளையும், விட்டால் நிமிரும். படுக்கை வசமாகப் பிடி, போட்டி நரிகளின் அலையும் படுக்கைதான்.

மலைப்பக்கம் போனால் ரிசீவர் எல்லாத் திசையிலும் கத்துகிறது. கோளாறா? (கிருஷ்ணகிரி வாசகர்)

ரிசீவர் நல்லாத்தான் இருக்கிறது, உங்கள் ஊர்ப் பாறைதான் காரணம். 2 மீட்டர் அலை மொட்டைப் பாறையில் பந்து மாதிரி பட்டுத் திரும்பும். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பயிற்சியில் நாற்பது நிமிடம் பாறையை நோக்கி ஏறினேன். சட்டை முழுக்க முள். கடைசியில் நரி எனக்குப் பின்னால், புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்து மாந்தோப்பில் இருந்தது. பாறை காட்டிய பிம்பத்தைத்தான் அவ்வளவு நேரம் துரத்தியிருக்கிறேன். அதிலிருந்து ஒரே இடத்தில் எடுத்த திசையை நம்புவதில்லை. பத்தடி தள்ளி நின்று இன்னொரு முறை பார்ப்பேன், முடிந்தால் மேட்டில் ஏறி. எதிரொலி என்றால் திசை தாவும். 80 மீட்டரில் இந்தத் தொல்லை குறைவு.

நரிக்குப் பக்கத்தில் போனாலும் எல்லாத் திசையிலும் கத்தும். அப்போது சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைக் கூட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் யாகியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நம் உடம்பே மறைக்கும், எப்போது சத்தம் குறைகிறதோ அப்போது நரி உங்கள் முதுகுப்பக்கம்.

80 மீட்டரில் நொடிக்கு ஒருமுறை 'டிக், டிக்' என்று கேட்கிறது. எந்த நரி இது? (ஆசிரியர், தேன்கனிக்கோட்டை)

சார், அது யானைக்குப் போட்ட சோலார் வேலி! மின்துடிப்பு அனுப்பும்போதெல்லாம் அப்படித்தான் கேட்கும். எங்காவது கம்பியும் செடியும் உரசினால் சத்தம் இன்னும் கூடும். மாணவர்களிடம் அதையே நரியாக வைத்துத் தேடச் சொல்லுங்கள், இலவசப் பயிற்சி. தொட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

மகள் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் ஓடுகிறாள். தெருவில் சிரிக்கிறார்கள். எனக்குப் பயமாகவும் இருக்கிறது. (ஒரு தாய், காரிமங்கலம்)

சிரிப்பவர்களை விடுங்கள் அம்மா, என்னை 'டேப்பு சாமி' என்று கூப்பிட்ட தெரு இது. பயம் நியாயம்தான். பயிற்சிக்குத் தனியாக அனுப்பாதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையவே கூடாது, தோப்பு என்றால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். எனக்கு யானையைவிடப் பயம் சுவரில்லாத கிணறுதான். காதில் ஹெட்போன், கண் வரைபடத்தில், கால் எங்கே போகிறது என்று தெரியாது. கழுத்தில் ஒரு விசில் கட்டி அனுப்புங்கள். போட்டியில் பெண்களுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு.

நரி வைக்க லைசென்ஸ் வேண்டுமா? போட்டியன்று காலை களி சாப்பிடலாமா? (ஓசூர் வாசகர்)

சிக்னல் அனுப்புகிறவருக்கு அமெச்சூர் ரேடியோ உரிமம் கட்டாயம். களி முந்தின நாள் மத்தியானம் சாப்பிடுங்கள், காலையில் வேண்டாம். நான் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

ஐந்து நரியையும் பிடித்துவிட்டு நேரம் கடந்து வந்தால்? (அதே பாலக்கோடு மாணவி, இரண்டாவது கடிதம்)

கணக்கிலேயே வராது. முதலில் எத்தனை நரி, அப்புறம்தான் எவ்வளவு நேரம் என்று பார்ப்பார்கள். ஆனால் நேர வரம்பைத் தாண்டினால் எத்தனை பிடித்தாலும் வீண். முடிவிடத்தில் வேறு அலைவரிசையில் வாலில் புள்ளியே இல்லாமல் 'டா டா, டா டா டா' என்று ஒரு டிரான்ஸ்மிட்டர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் மிச்சம் இருக்கும்போதே அது எந்தப் பக்கம் என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்.

நான் கேட்டு வைக்கவில்லை. ஐந்தையும் பிடித்தேன், மூன்று நிமிடம் தாமதமாக வந்தேன். இரண்டே நரி பிடித்த ஒரு பையனுக்குப் பட்டியலில் இடம் இருந்தது, எனக்கு இல்லை. பஸ்ஸில் தொப்பூர் கணவாய் வரும்வரை நான் யாரோடும் பேசவில்லை. அந்தப் பையன்தான் வறுத்த கடலைப் பொட்டலத்தை நீட்டினான்.