ஏரிக்கரை மணவறையும் மழை நாள் கூடமும்

கேள்வி: மகளுக்கு அடுத்த ஆண்டு ஜூனில் கல்யாணம். லண்டனுக்கு வெளியே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு பழைய பிரபு மாளிகையைப் பார்த்திருக்கிறோம். காலையில் ஹோமம், தாலிகட்டு எல்லாம் நம் முறைப்படி நடக்க வேண்டும். அன்றே அங்கேயே பதிவுத் திருமணமும் முடித்துவிட எண்ணம். சடங்குக்கு மூன்று இடங்களைக் காட்டினார்கள்: ஏரிக்கரைப் புல்வெளி, மதில் சூழ்ந்த பழைய தோட்டம், மாளிகைக்குள் மரப்பலகை பதித்த கூடம். மகள் ஏரிக்கரைதான் என்கிறாள். எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. விருந்தினர் 250 பேர். இந்த வாரமே முற்பணம் கட்டச் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஒரு வாசகி, ஹாரோ

பதில்: வயிறு கலங்குவதில் நியாயம் இருக்கிறது. மழை பெய்தால் அந்த 250 பேரும் எங்கே உட்காருவார்கள்? இதற்குப் பதில் வாங்காமல் ஏரியை ரசிக்கவே ஆரம்பிக்காதீர்கள். இங்கிலாந்தின் ஜூன் மாதத்தை நம்பி யாரும் கடன்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"கூடம் இருக்கிறதே" என்பார்கள். அந்தக் கூடத்தில் தீயணைப்பு விதிப்படி எத்தனை பேர் உட்காரலாம் என்று எண்ணாகக் கேளுங்கள். 120 என்று பதில் வந்தால், மழை நாளில் உங்கள் உறவினரில் பாதிப் பேர் தாழ்வாரத்தில் நிற்பார்கள். மதிய விருந்தும் அதே கூடத்தில்தானா என்பது அடுத்த கேள்வி. ஆம் என்றால், தாலி கட்டி முடிந்ததும் நாற்காலிகளை அகற்றி மேசை போடும்வரை பாட்டிமார் எங்கே ஒதுங்குவார்கள்? மார்க்கீ எனப்படும் பெரிய கூடாரம் போடலாம் என்றால், அதன் வாடகை, தரைப்பலகை, ஜெனரேட்டர் எல்லாம் யார் செலவு? வெளியிலா உள்ளேயா என்று முடிவெடுப்பவர் யார், எத்தனை மணிக்குள்? மேலைநாட்டுக் கல்யாணத்தில் நாற்காலிகளை உள்ளே தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது. மணவறை அப்படியல்ல, மேடை, தூண், பூ என்று விடியும் முன்பே கட்டத் தொடங்குவார்கள். காலை எட்டு மணிக்கு மழை வந்தபின் அதை அரை மணியில் பெயர்த்து உள்ளே கொண்டுபோக முடியாது. முதல் நாள் மாலையே முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கட்டும். அது ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்கட்டும்.

இனி ஏரிக்கரை. மணமக்கள் கிழக்கு நோக்கி உட்கார வேண்டும். அப்படியானால் விருந்தினர் மேற்கு நோக்கித்தான் இருப்பார்கள். ஏரி புல்வெளிக்கு மேற்கே இருந்தால் மணவறைக்குப் பின்னணியாக அமையும். கிழக்கே இருந்தால் மணமக்கள் மட்டும் ஏரியைப் பார்ப்பார்கள், அதுவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. ஜூன் காலை பத்து மணிக்கு இங்கே சூரியன் கிழக்கும் தென்கிழக்கும் சேரும் பக்கம், அரை வானத்துக்கு ஏறியிருக்கும். முகூர்த்த நேரத்திலேயே ஒருமுறை திசைகாட்டியோடு போய்ப் பாருங்கள். விற்பனையாளர் உங்களை மாலை ஐந்து மணிக்குத்தான் அழைத்திருப்பார், அந்த வெளிச்சத்தில் எந்த ஏரியும் அழகு. தண்ணீரைத் தாண்டி வரும் காற்றைத் தடுக்க அங்கே ஒன்றும் இராது. தீ ஒரு பக்கம் சாயும், புகை குருக்கள் கண்ணில் அடிக்கும். காட்டு வாத்துகள் மேயும் கரையா என்றும் காலடியில் பாருங்கள். பட்டுப்புடவைக்காரர்கள் பிறகு உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

கூடத்தில் ஹோமம் அநேகமாக நடக்காது. பாதுகாக்கப்பட்ட கட்டடம், மரப்பலகைச் சுவர், புகை உணரும் கருவி, காப்பீட்டு நிபந்தனை என்று நான்கு தடைகள் உண்டு. "மெழுகுவர்த்தி ஏற்றலாம்" என்பது ஹோமத்துக்கு அனுமதி ஆகாது. குண்டத்தின் அளவு, நெய், விறகு, எரியும் நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

மேளத்தையும் மறக்காதீர்கள். சென்ற ஆண்டு நான் போன ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் எழுந்த நொடியில் ஒலிபெருக்கி, மேடை விளக்கு எல்லாம் அணைந்தன. கூரையில் ஒலி அளக்கும் கருவி இருந்திருக்கிறது. அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். தவில் ஒலிபெருக்கியில் பாடவில்லையே என்று அந்தக் கருவியிடம் வாதாட முடியுமா? அந்த வீட்டாருக்கு அது இருப்பதை யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

என்னைக் கேட்டால் மதில் தோட்டம். அந்தக் காலத்தில் காற்றைத் தடுத்து, வெயிலின் சூட்டைச் செங்கல்லில் பிடித்துவைத்துக் காய்கனி விளைவிக்கத்தான் அந்த மதிலைக் கட்டினார்கள். காற்று அடங்கிய இடம்தான் ஹோமத்துக்கும் ஏற்ற இடம். வாசல் அகலத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள்: சக்கர நாற்காலியும் மணவறைத் தூணும் நுழைய வேண்டும். சரளைக்கல் பாதையில் சக்கரம் உருளாது. ஏரிக்கரையில் மகள் படம் எடுத்துக்கொள்ளட்டும், தாலிகட்டு முடிந்த பிறகு.

பதிவுத் திருமணம் தனிக் கணக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இடத்துக்குக் கவுன்சில் அனுமதி இருந்தால்தான் அது செல்லும். அப்படி அனுமதி பெற்ற இடத்தின் எல்லைக்குள் திறந்த வெளியிலும் நடத்த 2021 ஜூலை 1 முதல் வழி கிடைத்தது. 2022-இல் அது நிரந்தரமானது. அனுமதி மாளிகையின் பேரில் இருக்கிறதா, ஏரிக்கரை அந்த எல்லைக்குள் வருகிறதா என்று கேளுங்கள். (ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.) பதிவுச் சடங்கில் வழிபாடோ மத ஆராதனையோ கலக்கக் கூடாது. ஆகவே ஹோமகுண்டம் புகையும் இடத்திலேயே பதிவாளரையும் நிறுத்தாமல், நேரத்தாலும் இடத்தாலும் பிரித்துவிடுங்கள். கூடம் அதற்குப் பொருத்தம். அந்த மாளிகையில் கட்டும் தாலி மட்டும் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது என்பதையும் பெரியவர்களுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். பதிவாளரை மாளிகை இருக்கும் பகுதியின் கவுன்சில் வழியாகத் தனியே பதிவு செய்து தனியே பணம் கட்ட வேண்டும். மணமக்கள் தம் பகுதிப் பதிவு அலுவலகத்தில் திருமண அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 28 நாள் கழிந்திருக்க வேண்டும்.

கடைசியாகப் பணம். "இந்த வாரமே" என்பது பழைய தந்திரம். சொன்ன விலையில் வாட் வரி அடங்குமா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் "வெளிப்புறச் சடங்கு இடம்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். எஸ்டேட் வரைபடத்தில் இடத்தைக் குறித்து இணைக்கச் சொல்லுங்கள். மழை நாள் இடத்தையும் அதே வரைபடத்தில் குறியுங்கள். முற்பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள்: 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, வாங்கும் சேவையின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், மாளிகைக்காரர் கைவிரித்தாலும் கார்டு நிறுவனத்திடம் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தம் மகள் பேரிலும் கார்டு உங்கள் பேரிலும் இருந்தால் அந்தப் பாதுகாப்பு நழுவிவிடும். நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். கட்டிய பணம் எந்த நிலையிலும் திரும்பாது என்று எழுதியிருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் நியாயமற்ற நிபந்தனை நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்கிறது. எனினும் வழக்காடி வாங்குவதைவிட, கையெழுத்துக்கு முன்பே அந்த வாசகத்தை நீக்கச் சொல்வது எளிது.

கேள்வி: நாங்கள் தேர்ந்தெடுத்த புல்வெளியை இன்னொரு முறை பார்க்கப் போனோம். நடுவே ஒருவர் நாயோடு நடந்து போனார். "கல்யாணத்தன்று தடுத்துவிடுங்கள்" என்றோம். மேலாளர் சிரித்து மழுப்பினார். தடுக்க முடியாதா?
— ஒரு வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: அது பொது நடைபாதை என்றால் முடியாது. அதில் யாரும் நடந்து போகலாம், தனியார் எஸ்டேட்டுக்குள்ளும் அந்த உரிமை செல்லும். அவர் மணவறைக்கு முன்னால் நடந்து போனாலும் சட்டம் அவர் பக்கம். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனத்தின் 1:25,000 வரைபடத்தில் இந்தப் பாதைகள் பச்சைக் கோடுகளாகத் தெரியும். வாங்கிப் பாருங்கள், கோடு புல்வெளியைத் தொட்டால் இடத்தை மாற்றுங்கள். அதே நடையில் மயில் வளர்க்கிறார்களா என்றும் விசாரியுங்கள். முருகன் வாகனம்தானே என்று விட்டுவிடாதீர்கள். கோடையில் அது அகவினால் மைக் வைத்து ஓதும் மந்திரமும் கேட்காது.