அரை நாளும் முழு வேலையும்

வணக்கம் ஐயா. ஈரோட்டில் ஜிஎஸ்டி கணக்கு எழுதும் அலுவலகம் வைத்திருக்கிறேன்; 14 பேர். கொரோனாவுக்குப் பிறகும் சோர்வு நீங்காத கணக்காளர் ஒருவர் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். அரை நாள் வந்தால் போதும் என்றேன். திங்கள், செவ்வாய் நன்றாகத்தான் இருந்தார். வியாழனன்று எழுந்திருக்கவே முடியவில்லையாம். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். நான் எங்கே தவறினேன்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'நன்றாகத்தான் இருந்தார்' என்கிறீர்களே, கோளாறு அந்த இரண்டு நாளில்தான். இவ்வகைச் சோர்வில், அளவு மீறி உழைத்ததன் பாதிப்பு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே தெரியும். செவ்வாயன்று இழுத்துப் போட்டுச் செய்தது வியாழனன்று படுக்கையில் தள்ளும்.

நேரத்தைக் குறைத்தீர்கள், வேலையைக் குறைத்தீர்களா? முழு நாள் பில்களை நாலு மணி நேரத்தில் ஏற்ற வைத்தால் அது சலுகையே அல்ல. அவர் கணக்குப் பார்க்கும் பார்ட்டிகளை (வாடிக்கையாளர்களை) பாதியாக்குங்கள். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3பி (வரி கட்டும் படிவம்) என்று கெடு நெருக்கும் வேலை வேண்டாம். பேங்க் ஸ்டேட்மென்ட் சரிபார்ப்பது போல ஆற அமரச் செய்வதைக் கொடுங்கள்.

அந்த நாலு மணி நேரமும் ஒரே மூச்சில் கூடாது. 40 நிமிடம் வேலை, 15 நிமிடம் ஓய்வு என்று தொடங்கி, அவர் உடம்புக்கேற்ப மாற்றலாம். சாப்பாட்டு அறையில் போன் பார்ப்பது ஓய்வில் சேராது. விளக்கணைத்த அறையில் கால் நீட்டிப் படுக்க ஒரு பெஞ்ச் வேண்டும். தெம்பாக இருக்கும் நாளிலும் மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். அதற்கு நீங்கள்தான் காவல். இரண்டு வாரம் சரிவே இல்லையென்றால் அரை மணி கூட்டிப் பாருங்கள். சரிந்தால் பழைய அளவுக்கே. சிலருக்குக் கூட்டவே முடியாது, ஆகவே வாராவாரம் ஏறும் அட்டவணை போடாதீர்கள். பஸ்ஸில் நின்று வருவதும் உழைப்புக் கணக்கில்தான் சேரும்.

நின்றால் படபடப்பு வருகிறதா என்று கேளுங்கள். வருமானால், நடப்பு ஆண்டு ஃபைல்கள் உட்கார்ந்தபடி கைக்கு எட்ட வேண்டும். "அந்த கிரெடிட் நோட்டைப் பார்த்துடும்மா" என்று போகிற போக்கில் சொல்வது நினைவில் நிற்காது. வாட்ஸப்பில் ஒரு வரி போடுங்கள்.

மாதச் சம்பளம் 21,000க்குள், ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உண்டு என்றால், அறவே வர முடியாத நாட்களுக்கு ஈஎஸ்ஐ மருத்துவர் சான்றின் பேரில் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. 15 நாளுக்குள் மறுபடி விழுந்தால் அந்தக் கழிவு இல்லை.

முணுமுணுப்புக்கு வருகிறேன். அவர் நோயை நீங்கள் விளக்க வேண்டாம், அது அவர் சொல்ல வேண்டியது. மற்றவர்களின் கோபம் அவர்மீது அல்ல, தங்கள் தலையில் விழுந்த 20ஆம் தேதி இரவின்மீது. கெடுவுக்கு முந்தைய மூன்று நாளுக்கு ஒரு தற்காலிக ஆளைப் போடுங்கள்.