காவிரியும் துணையாறுகளும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் பொட்டு மழை இல்லை. மேட்டூர் மட்டும் மளமளவென ஏறுகிறதே?

பதில்: ஜூன், ஜூலையில் மேட்டூருக்கு வருவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. உங்கள் ஊர் மழைக்கு அக்டோபர் ஆக வேண்டும். நான் முதலில் பார்ப்பது வயநாட்டைத்தான். அங்கே பிறக்கும் கபினி, கர்நாடகத்தில் காவிரியின் குறுக்கே இருக்கும் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்) அணைக்குப் போவதே இல்லை. அணைக்குக் கீழே, திருமக்கூடல் நரசிபுராவில் காவிரியோடு சேர்கிறது. கபினி அணையின் கொள்ளளவு சுமார் 19 டி.எம்.சி.தான். சட்டென்று நிரம்பிவிடும், திறந்துதான் ஆக வேண்டும். 49 டி.எம்.சி. பிடிக்கும் கே.ஆர்.எஸ். பாதி நிரம்புவதற்குள்ளேயே கபினித் தண்ணீர், தமிழக எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவைத் தாண்டியிருக்கும். வயநாட்டில் நாலு நாள் விடாமல் அடித்தால் ஒகேனக்கல்லில் பரிசலைக் கரையேற்றிவிடுவார்கள்.

கேள்வி: டி.எம்.சி. என்றால் எவ்வளவு?

பதில்: நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி. மேட்டூர் நிரம்ப 93.47 டி.எம்.சி. வேண்டும்.

கேள்வி: பவானி கேரளத்து ஆறா, நம் ஆறா?

பதில்: நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் போய், முக்காலி என்ற ஊர் அருகே திரும்பி, அட்டப்பாடி வழியாக மறுபடி இங்கே வருகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு மட்டுமே. பாம்பாறு அமராவதியில் கலக்கிறது, ஆக மூன்றுமே கடைசியில் காவிரிக்குத்தான். பவானி சேரும் கூடுதுறை மேட்டூருக்குக் கீழே இருப்பதால் அதன் வெள்ளம் மேட்டூர்க் கணக்கில் வராது.

கேள்வி: அண்ணா, நொய்யலைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: சொல்லவே மனசு கனக்கிறது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் தெளிந்து கிளம்பும் ஆறு, திருப்பூரில் சாயத்தைச் சுமந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, நிலமும் கிணறும் கெட்டு, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

கேள்வி: பூம்புகாரில் காவிரி வாய்க்கால் மாதிரி இருக்கிறது. ஏமாந்துவிட்டேன்.

பதில்: வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோவது முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம். காவிரியின் தண்ணீர் கல்லணையில் வெண்ணாறாக, கல்லணைக் கால்வாயாக, அப்புறம் குடமுருட்டியாக, அரசலாறாகப் பிரிந்து வயலுக்குப் போய்விடுகிறது. வரும் வழியில் கும்பகோணம் பக்கம் ஒரு நடவு வயலில் இறங்கியிருந்தால், கணுக்கால் அளவு காவிரியில் நின்றிருப்பீர்கள்.